பாட்டுல ஒரு வரி சேத்திப்போட்டேனாமா

இதுல ஒரு எழுத்து பொய்யின்னா என் ஆம்ப்ளிஃபயர் பொகைஞ்சு போகட்டுமுங்க. ரேடியோ செட்டுக் கட்டறவனுக்குக் காது ரெண்டுதான்; ஆனா மண்டபத்துல இருக்கற அத்தனை காதுக்கும் அவன்தான் பதில் சொல்லோணும். கஸ்டமர்கிட்டச் சிக்கிச் சீரழியற கூட்டாளிகளே, கேளுங்க.

கரகரப்பு

மதுக்கரை சின்னச்சாமியண்ணனுக்கு அறுபதாங் கலியாணம். அவுங்க சம்சாரம் சரசக்காளுக்கு, மேடையேறி ஒரு பழைய பாட்டுக்குக் கூடவே பாடோணும்னு ஆசை. ஆயுசுல மொதத் தடவை. அண்ணன் ஊட்டு ரெக்கார்டுத் தட்டைக் கொண்டாந்து, "கரகரங்குது, சுத்தமா வேணும்"ன்னார். அதே பாட்டைக் கம்பெனிக்காரங்களே கரகரப்பெல்லாம் எடுத்து ரீமாஸ்டர்னு புதுசா உட்டிருக்காங்க, கண்ணாடியாட்ட. போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுப்போட்டு, "எல்லாஞ் சரி தம்பி, அந்த மழை பேயற சத்தத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டுன?"

பக்கத்து ஊடு

தட்டுல இருந்த கரகரப்பைப் புடிச்சு ரீமாஸ்டருக்கு அடியில ஓட உட்டேன். வெளுத்த துணிக்கு அழுக்குப் பூசற பொழப்பு! "இப்ப எப்படிங்ணா?"ன்னேன். "மழை வந்துருச்சு. பாடறவருதான் நனையாம பக்கத்து ஊட்ல நின்னு பாடறாரு."

ஒத்திகை

பேஸை ஏத்தி, ட்ரெபிளை எறக்கி, பாடறவரை ஒருவழியா இந்த ஊட்டுக்குக் கூட்டியாந்தேன். விசேஷத்துக்கு மொத நாள் மண்டபத்துல ஒத்திகை. சரணம் வந்தா அக்கா ஒரு வரி முன்னால ஓடறாங்க, பாட்டு ஒரு வரி பின்னால வருது. எத்தனை தடவை போட்டாலும் அதேதான். அக்காளுக்குக் கண்ணு தளும்பிருச்சு. "சொந்தபந்தம் சிரிக்கும், நான் ஏறமாட்டேன்"னு மைக்கை வெச்சுப்போட்டாங்க.

அந்தத் தட்டையே ஓட்டிப் பாத்தேன். சரணத்துல ஒரு கீறல்; ஊசி ஒரு வரியைத் தாண்டிக் குதிக்குது. அக்கா இத்தனை வருசமும் அந்தக் குதியோடயே மனப்பாடம் பண்ணியிருக்காங்க! வெளக்கிச் சொன்னேன். என்னை மேலயுங் கீழயும் பாத்தாங்க. "ஏனுங்க தம்பி, எழுதுனவரு எழுதாத வரியை நீங்க எதுக்குச் சேத்துனீங்க?"

மேடை

வாதாடத் தெம்பில்லீங்க. கம்ப்யூட்டர்ல அந்த வரியை நறுக்கி எறிஞ்சு, ரெண்டு பக்கத்தையும் ஒட்டி அக்காளுக்குப் போட்டுக் காட்டினேன்; மறுபடியும் மைக்கை எடுத்தாங்க. மக்யா நாள் விசேஷத்துல அக்கா ஒரு எழுத்துப் பெசகாம பாடி முடிச்சாங்க. அண்ணன் கழுத்து மாலையிலயே கண்ணைத் தொடைச்சுக்கிட்டார். எறங்கி வந்து என் கையைப் புடிச்சு, "ரீமாஸ்டராமா ரீமாஸ்டரு! ஒரிஜினல்னா இதுதாந் தம்பி!"

எம்புட்டு வேலை செஞ்சாலும் ஒண்ணையுந் தொடாதவன்னு பேரெடுக்கறதுதானுங்க எங்க தொழிலு. கேட்டவங்க எனக்கு ஆளுக்கொரு டீயும் தேங்கா பன்னும் சொல்லிப்போட்டு நகருங்க, ஓசியில கேக்க இது கோயில் நோம்பி மைக் இல்லீங்க.