உம்மா முணுமுணுத்த மெட்டு

கீழக்கரையைச் சேர்ந்த சதக்கத்துல்லாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போவார். சனிக்கிழமைகளில் கிதாரைத் தூக்கிக்கொண்டு கன்ட்ரி பாட்டுப் பாடப் போவார். அமெரிக்கப் பண்ணைக்காரர்களின் அந்தப் பாட்டுக்கென்று ஜெர்மன் கிராமங்களில் சங்கங்களே இருக்கின்றன. தொப்பி, பூட்ஸ், வரிசை வரிசையாக நின்று ஆடும் ஆட்டம் எல்லாம் உண்டு.

அவருடன் வயலின் வாசிப்பவள் பிரபாலினி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவள், பிசியோதெரபிஸ்ட்.

அவர்கள் பாடியதிலேயே பெயர் வாங்கியது ஒரு முனாஜாத்து. இறைவனிடம் கையேந்தி இறைஞ்சும் தமிழ்ப் பாட்டு. சதக்கின் உம்மா கதீஜா நாச்சியார் அடுப்படியில் எப்போதும் முணுமுணுப்பது. கிதாரில் அந்த மெட்டு அவ்வளவு இயல்பாக உட்கார்ந்ததில் சதக்குக்கே வியப்பு. ‘பாரம்பரிய மெட்டு’ என்று குறிப்பிட்டு இணையத்திலும் ஏற்றியிருந்தார்.

போன ஜூனில், ஊருக்கு வெளியே ஒரு சங்கத்தின் கோடை விழா. மாலை அஸர் தொழுகையை முடித்துவிட்டு மேடையேறினார். முந்நூறு பேர் இருந்தார்கள். “இது என் முன்னோர்களின் மெட்டு” என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் பாடினார். கைதட்டல் அடங்குவதற்குள் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். வால்டர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்.

“பொய். இது திருடிய மெட்டு.”

தன் நிறத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்றுதான் சதக் முதலில் நினைத்தார். பிரபாலினிக்கும் அதே எண்ணம். “அண்ணை, நீங்கள் பேசாம நில்லுங்கோ. நான் கதைக்கிறன்” என்று ஒலிவாங்கியை நோக்கி நகர்ந்தாள்.

அதற்குள் வால்டர் பாடத் தொடங்கிவிட்டார். பழைய ஆங்கில கன்ட்ரி பாட்டு. தொலைவில் இருக்கும் காதலியை நினைத்து ஒருவன் பாடுவது. குரல் நடுங்கியது, ஆனால் மெட்டில் பிசகில்லை. ஏற்றம், இறக்கம், நடுவில் மூச்செடுக்கும் இடம் உட்பட எல்லாமே உம்மாவுடையது.

பிரபாலினி வயலின் வில்லைக் கீழே இறக்கினாள். “அண்ணை, அதே பாட்டு” என்றாள் மெதுவாக.

மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வால்டர் சொன்ன பாட்டின் பெயரைக் கைபேசியில் தேடினார்கள். அறுபதுகளில் வந்த இசைத்தட்டு. சதக் உடனே உம்மாவைக் கூப்பிட்டார்.

“உம்மா, அந்த முனாஜாத்த யார்ட்ட கத்துக்கிட்டீங்க?”

“எதுக்குக் கேக்குற?”

“சொல்லுங்க உம்மா. இங்க நான் முந்நூறு பேர் முன்னாடி திருடனா நிக்கிறேன்.”

“சிலோன் ரேடியோ” என்றார் உம்மா, குரலைத் தாழ்த்தி.

பதினைந்து வயதில், தன் வாப்பா கடைக்குப் போன பிறகு உம்மா திருட்டுத்தனமாக ரேடியோ கேட்டிருக்கிறார். இங்கிலீஷ் பாட்டு நிகழ்ச்சி. ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்த ஒரு பாட்டு மனதை விட்டுப் போகவில்லை. சும்மா முணுமுணுத்தால் அடி விழும். அதனால் அல்லாஹ்வின் பெயரை வைத்துச் சொற்களைப் போட்டுப் பாடினார். வாப்பா கேட்டுவிட்டு, “மாஷா அல்லாஹ், நல்லா ஓதுறா புள்ள” என்றாராம்.

“அப்ப வார்த்தைகளும் ஒங்களுதா?”

“பின்ன யாருது?”

அந்த வரிகளைத் தேடி சதக் எத்தனை பழைய முனாஜாத்து நூல்களைப் புரட்டியிருக்கிறார்! தானே முதன்முதலாகச் சேர்த்துவைத்ததாக நம்பிய முனாஜாத்தையும் கன்ட்ரி இசையையும் உம்மா அரை நூற்றாண்டுக்கு முன்பே அடுப்படியில் சேர்த்து முடித்திருந்தார்.

“அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரங்க இன்னும் இருக்காங்களா மவனே?” உம்மா பதறினார். “எனக்குத் தெரியாதே. ஏதும் கேசு கீசுன்னு...”

“ஒண்ணும் ஆகாது உம்மா.”

அப்படிச் சொன்னாரே தவிர, அவருக்கும் உறுதியில்லை. மறுபடி மேடையேறி நடந்ததை அப்படியே சொன்னார். வால்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை; என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. அன்றே இணையத்திலிருந்து பாட்டை எடுத்தார்.

அமெரிக்காவிலுள்ள பாட்டின் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுத வால்டர்தான் முகவரி தேடிக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து அனுமதி வந்தது. வருமானத்தில் பெரும்பங்கு அவர்களுக்கு. ஒப்பந்தப் படிவத்தில் தமிழ்ப் பாடலாசிரியர் என்ற இடத்தில் சதக் ‘கதீஜா நாச்சியார்’ என்று தட்டச்சு செய்து அச்செடுத்து, கையெழுத்துக்காக ஊருக்கு அனுப்பினார்.

பத்து நாளாகியும் அது திரும்பவில்லை. அழைத்துக் கேட்டபோது உம்மா சொன்னார்: “பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன். ஏம் பேரு இப்படி அச்சுல வந்து நான் பாத்ததே இல்ல. இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே.”