நூறு மில்லிமீட்டர் கோடு

இயந்திரம் தாளை வெட்டித் தள்ளியதும் ஸ்கேலக்கா அதைச் சுருட்டிவிட மாட்டாள். மேசையில் விரித்து, மூலைகளில் எடை வைத்து, ஓரத்தில் அவளே சேர்த்து அச்சிடும் ஒரு கோட்டின் மீது இரும்பு ஸ்கேலை வைப்பாள். கோட்டின் நீளம் நூறு மில்லிமீட்டர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு தாளைத் தொடும்படி குனிவாள். "நூறுன்னா நூறு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மூலையில் பென்சிலால் ஒரு டிக் போடுவாள். சாய்ந்த, வால் நீண்ட டிக்.

கணினியில் வரைந்த படங்களை அளவு பிசகாமல் தாளில் அச்சிட்டுத் தரும் கடை அது. பதினான்கு வருடமாக அங்கே நிற்கிறாள். நாற்காலி இருந்தும் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்கேலக்கா என்ற பெயரே அந்த ஸ்கேலால் வந்ததுதான்; அதை வேறு எதற்கும் தர மாட்டாள். முதலாளி ஒருமுறை அதை எடுத்து முதுகு சொறிந்தபோது, "அதுக்கு உங்க வீட்டுல அக்கா இருக்காங்க, முதலாளி" என்று பிடுங்கிக்கொண்டாள். வீட்டில் எல்லாம் நேர்மாறு. உப்பு கைக்கு வந்தபடி விழும். "கடையில மில்லிமீட்டர் பாக்குறவளுக்கு அடுப்படியில மட்டும் கண்ணு அவிஞ்சு போயிடுதா?" என்பார் கணவர்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு தையல்காரர் வந்தார். கழுத்தில் டேப், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். அவர் மகள் சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்தாள். அந்த இடத்தின் வரைபடம் அது.

"இதைக் கொஞ்சம் அளந்து சொல்றியாம்மா?"

"என்னய்யா சந்தேகம்?"

"வளைவுலேருந்து எம்பொண்ணு கிடந்த எடம் வரைக்கும் இருபத்திநாலு மீட்டர்தானாம். வளைவு திரும்பி அவளைப் பாத்ததும் அதுக்குள்ள லாரிய நிறுத்தவே முடியாதாம். எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்கேல் வச்சுக் காட்டிட்டாரு. கோர்ட்டுல இருக்கறதும் இதே காப்பிதான். நான் ரோட்டுல டேப்பு புடிச்சுப் பாத்தேன், முப்பத்திநாலு வருது. தையக்காரன் டேப்பு கோர்ட்டுல பேசாதுங்கறாங்க. நாப்பது வருசமா அளவெடுக்கறவன்மா. பத்து மீட்டரா தப்புவேன்?"

ஓரத்துக் கோட்டில் ஸ்கேலை வைத்தாள். எழுபத்தொன்று. தாளைத் திருப்பி வைத்து மறுபடி அளந்தாள். எழுபத்தொன்றுதான். பெரிய தாளுக்கு வரைந்த படத்தைப் பாதித் தாளில் அடக்கியிருக்கிறார்கள். சாலை சுருங்கிவிட்டது, வளைவு சுருங்கிவிட்டது. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் இருநூறு என்று கீழே எழுதிய 1:200 மட்டும் அப்படியே நிற்கிறது.

மூலையைப் பார்த்தாள். வால் நீண்ட டிக்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வக்கீல் குமாஸ்தா, இந்தப் படம் ஃபைலுக்குள் மடங்காமல் இருக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினான். 'தாளுக்குள் அடக்கு' என்பதை அழுத்தினாள். ஸ்கேல் அன்று இழுப்பறையிலேயே கிடந்தது. கை மட்டும் பழக்கத்தில் டிக் போட்டுவிட்டது. அளக்காமல் போட்டது இது ஒன்றுதானா? அவளுக்கே தெரியவில்லை.

டிக்கைப் பார்த்துவிட்ட முதலாளி அவளை இயந்திரத்துக்குப் பின்னால் அழைத்தார். "யானைக்கும் அடி சறுக்கும். புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துட்டு, பழசை வாங்கிக் கிழிச்சுடு. நம்ம டிக்குன்னு தெரிஞ்சா எவன் வருவான் இந்தக் கடைக்கு? உனக்குத்தான் எவன் வேலை குடுப்பான்?"

"புதுசை மட்டும் குடுத்தா, அவரே மாத்தி வரைஞ்சாருன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அது அவரு தலையெழுத்து."

கணினியில் பழைய கோப்பு இருந்தது. பெரிய தாளில் போட்டாள். கோட்டை அளந்தாள், நூறு. வளைவிலிருந்து அந்த இடம் வரை ஸ்கேலை ஓட்டினாள். நூற்றெழுபது மில்லிமீட்டர்.

"முப்பத்திநாலு மீட்டர்தான்யா. இந்தப் பழசு நான் அச்சடிச்சது. அன்னிக்கு நான் அளக்கல."

தையல்காரர் புதுத் தாளில் வளைவிலிருந்து அந்த இடம் வரை விரலை ஓட்டினார். "அப்ப நிறுத்தியிருக்கலாம்" என்றார். பிறகு, "பாவம், அந்த லாரிக்காரன் மேல தப்பில்லன்னு இப்பத்தான் மனசைத் தேத்தி வச்சிருந்தேன்."

அவள் புதுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தப்பானது எதுக்கும்மா? இதைக் கிழிச்சுடவா?" அவர் பழைய தாளை இரண்டு கையாலும் பிடித்தார். முதலாளி தொண்டையைச் செருமினார்.

ஸ்கேலக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். வால் நீண்ட டிக்குக்குப் பக்கத்தில் 71 என்று எழுதி, அதன் கீழே தேதியையும், அந்தக் கடையில் யாரும் கூப்பிட்டறியாத தன் முழுப் பெயரையும் எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். பிறகு இரண்டு தாள்களையும் ஒன்றாகச் சுருட்டினாள்.