தலைக்கு ஊத்தின பிறகும்

ஆபீஸ் கழிவறையில ரத்தத்தைப் பார்த்தேன். வீட்டு விலக்கு நாளும் இல்லை. வயித்துப்போக்கோட சேர்ந்து ரத்தம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். "மூலச்சூடுடி. நாள் முச்சூடும் கம்ப்யூட்டர் முன்னால குந்திகினு கீறே, வேற இன்னா வரும்?"ன்னுச்சு. மோரும் துத்திக்கீரையும் ஆரம்பமாச்சு. நானும் நம்பித் தொலைச்சேன்.

குறையவே இல்லை. திருநின்றவூர்ல ரயில் ஏறினா அம்பத்தூர் வர்றவரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்காந்திருப்பேன். மின்சார ரயில்ல கழிவறை ஏது? பாதியில ஆவடியிலயே இறங்கி ஓடின நாளெல்லாம் உண்டு. உடம்பு துரும்பா இளைச்சுப்போச்சு. கூட வேலை பாக்கறவ ஒருத்தி, "என்ன டயட்டுப்பா?"ன்னு கேட்டா. அறையலாம்னு இருந்துச்சு.

கடைசியில ஆஸ்பத்திரியில ஆசனவாய் வழியா கேமரா விட்டுப் பார்த்தாங்க. மூலமே இல்லையாம். பெருங்குடலோட உள்தோல் செக்கச்செவேல்னு வீங்கிப் புண்ணாகிக் கிடந்துச்சு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு பேரு. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உங்க குடலையே அடிக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. என் உடம்பா எனக்கு இப்படிப் பண்ணுதுன்னு நம்பவே முடியலை.

அவங்க குடுத்த மாத்திரை கேட்டுச்சு. ரத்தம் நின்னு, சோறும் உடம்புல ஒட்டுச்சு. அம்மை இறங்கினவங்களுக்குச் செய்யற மாதிரி, அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணியை எனக்குத் தலைக்கு ஊத்துச்சு. "அவ்ளோதான், பீடை ஒழிஞ்சுது"ன்னுச்சு.

அடுத்த தடவை டாக்டரம்மாகிட்ட அம்மாவும் கூட வந்துச்சு. மாத்திரையை எப்போ நிறுத்தலாம்னு தெம்பாத்தான் கேட்டேன்.

"நிறுத்தக் கூடாது. புண்ணு ஆறியிருக்கு, நோய் போகலை. அடங்கிக் கிடக்கும், திரும்பக் கிளம்பும். அதை அடக்கி வைக்கத்தான் மாத்திரை."

"நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் எதுக்கு? எத்தனை வருஷம் முழுங்கறது?"ன்னு எகிறினேன். "உங்க குடலு இப்படி அமைதியா இருக்கணும்னா ஆயுசுக்கும்"னாங்க. அதெப்படின்னு மறுபடியும் சண்டைக்குப் போனேன்.

பக்கத்துல அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கிட்டே உட்காந்திருந்துச்சு. மெதுவா டாக்டரம்மாகிட்டக் கேட்டுச்சு: "அப்போ நான் போய்ச் சேர்ந்த பின்னாலயும் இவளுக்கு இது இருக்குமா?"

"இருக்கும்மா."

நான் கையை நீட்டி மாத்திரைச் சீட்டை வாங்கிக்கிட்டேன். அம்மா இல்லாத ஒரு நாளை நான் நினைச்சுப் பார்த்ததே அன்னிக்குத்தான்.