குடும்பப் பெயர்

எங்கள் பக்கத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பேரின் முதலெழுத்து, அதற்குப் பிறகு நம் பேர். அவ்வளவுதான். இது அந்தக் கணக்குப் பாட இணையதளத்தைச் செய்தவனுக்குத் தெரியாது.

இலவசம் என்றார்கள். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இனி அதை வைத்தும் கணக்கு நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வீட்டுப் போனில் பதிந்துகொண்டு வந்தார்கள். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு இன்னொரு கட்டம். இரண்டாவதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது.

முதல் பயிற்சி முடிந்ததும் ஸ்மார்ட் போர்டில் மதிப்பெண் வரிசையைத் திறந்தேன். ஒருவன் குடும்பப் பெயர் என்றால் குடும்பத்தில் உள்ளவர்களின் பெயர் என்று நினைத்து, அம்மா, தங்கச்சி, வளர்க்கிற ஆடு வரைக்கும் எழுதியிருந்தான். சிரித்துவிட்டேன். அதற்குக் கீழே பார்த்ததும் சிரிப்பு நின்றது. பாதிப் பேர் சாதியை எழுதியிருந்தார்கள்.

கையில் கட்டுகிற சாதிக் கயிற்றின் நிறத்துக்காகப் பையன்கள் அடித்துக்கொள்கிற சீமை இது. அந்தக் கயிறுகளை நாங்களே எத்தனையோ தடவை அறுத்துப் போட்டிருக்கிறோம். இப்போது அம்புட்டையும் சுவரளவு பெரிதாகக் காட்டிக்கொண்டு நான் நிற்கிறேன்.

வரிசையில் முதலாவதாக இருந்தவள் செட்டியார்பட்டிப் பக்கமிருந்து வருகிற பெண். அவள் பேருக்கு அடுத்து வெறும் புள்ளி.

"ஏலே, புள்ளி வச்சா தெரியாதாக்கும்?" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

பக்கத்திலிருந்தவன், "அவ எந்த ஸ்டாப்புல எறங்குதான்னு பாரு. தெரிஞ்சிரும்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நாலைந்து பையன்கள் மட்டும் சிரிக்காமல் திரும்பி அவனையே பார்த்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பை விட இந்தப் பார்வைதான் பயமாக இருந்தது. போர்டை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் விளையாட்டாக எழுதியது, பெரிதாக்க வேண்டாம் என்றார். நாளைக்குப் பள்ளிக்கூடக் கேட்டில் ஒருத்தன் மண்டை உடைந்தால் அதுவும் விளையாட்டா என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து, எல்லார் பேரையும் இனிஷியலுக்கு மாற்றினேன். ஸ்கிரீனில் மாற்றிவிட்டேன். படித்தவன் மண்டைக்குள் இருப்பதை எதை வைத்து அழிப்பது?

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வடக்கே. அன்று சாயங்காலம் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்க பஸ் அங்கிட்டுல்ல நிக்கும் டீச்சர்?"

சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகப் பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளாகவே மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா ஒண்ணும் எழுதாதன்னாரு. அது அடுத்த பக்கம் போகவே மாட்டேன்னுச்சு. அதான் புள்ளி வச்சேன்."

பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பின்படிக்கட்டில் கடைசி பெஞ்ச் பையன்கள் இரண்டு பேரும் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வீடு இந்தத் திசையிலேயே கிடையாது. எழுந்து போய் இரண்டு பேர் கன்னத்திலும் அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் நாளைக்கு அது எந்தச் சாதி எந்தச் சாதியை அடித்ததாக மாறும் என்றும் தெரியும். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றது. கண்டக்டர் அவள் பக்கம் குனிந்து, "ஏம்மா, உன் ஸ்டாப்பு வந்துட்டுல்லா" என்றார். தினமும் பார்க்கிறவர். அவள் எழவில்லை. ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"அடுத்ததுல எறங்கிக்கிடுதேன்ணே" என்றாள்.

அவளும் அவர்களைப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த ஸ்டாப்பில் இரண்டு பேரும் இறங்கினோம். பையன்கள் இறங்கவில்லை. பஸ் கிளம்பியதும் ஒருவன் வெளியே சாய்ந்து எங்களைப் பார்த்தான். பஸ் மறைகிற வரைக்கும் ஒரு பெட்டிக்கடையை ஒட்டி நின்றோம். பொறவு வந்த வழியே திரும்பி நடந்தோம். லாரிகள் உரசிக்கொண்டு போயின. நான் ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

"தெனமும் இப்படித்தான் நடக்கணுமா டீச்சர்?"

வந்த கோபத்தை அவளிடம் காட்டவில்லை. "நாளைக்கும் நான் வாரேன்" என்றேன்.