பின்சீட்டுப் பேச்சு

பிரவீன்குமாரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாலு பேருக்குத் தெரிந்தவனாக ஆவதுதான் அவன் படிக்கிற படிப்பு. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்பு படிக்கிறான். ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மேட்டுக்கொல்லை அவன் ஊர். 'பி.ஆர்.ஓ. ஆகப்போறேன்' என்று அங்கே சொன்னால், அது வி.ஏ.ஓ.வுக்கு மேலேயா கீழேயா என்று கேட்பார்கள்.

படிப்புக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு, கொடுத்த மிட்டாயை வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளை அவன். தெரியாத ஆளுக்குப் போன் போட வேண்டுமென்றால் முந்தின நாளே எழுதி வைத்து ஒப்பித்துப் பார்ப்பான். இப்படிப்பட்டவனிடம்தான் ஆசிரியர் ஜெகதீசன், பத்திரிகைக்காரர்களின் பழக்கத்தைப் பிடித்து, பருவம் முடிவதற்குள் ஒரு செய்தியாவது வரவைக்க வேண்டும் என்றார்.

"பெரிய மனுஷங்க உக்காந்து கேக்க மாட்டாங்க. லிஃப்ட்ல கூட வர்ற முப்பது செகண்ட்ல விஷயத்த முடிச்சிடணும்" என்று வழியும் சொல்லிக்கொடுத்தார். சார் சென்னையில் வேலை பார்த்தவர். அவர் சொன்னது மாடிக்கு ஏறும் லிஃப்ட். மேட்டுக்கொல்லையில் லிஃப்ட் என்றால், கட்டைவிரலை நீட்டி யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொள்வது. ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் நின்றுபோனதிலிருந்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் லிஃப்டில்தான் போகிறார்கள். ஆகவே பத்திரிகைக்காரர் பைக்கில் ஏறிப் பேச வேண்டும் என்று பிரவீன்குமார் புரிந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

செய்திக்கு விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் தங்கை ஆர்த்தி திண்டிவனத்திலேயே பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அவள் கட்டைவிரல் நீட்ட முடியுமா? பஸ் பிடிக்க ஒலக்கூர் வரை நடந்து போய் நடந்து வருவாள். வீடு சேர்வதற்குள் பொழுது போய்விடும். "பஸ்ஸு வரலைன்னா இந்த வருஷத்தோட படிப்பு போதும். எடம் பாத்துடலாம்" என்று அப்பா தேவநாதன் சொல்லிவிட்டார்.

"பேசறதுக்குன்னே படிக்கிறியே, அப்பாகிட்ட எனக்காகப் பேசுண்ணா" என்றாள் ஆர்த்தி. பாவம், அப்பாவிடம் பேசுவதைவிட அரசாங்கத்திடம் பேசுவது பிரவீன்குமாருக்குச் சுலபமாகப் பட்டது.

அடுத்த நாளே ஒலக்கூர் ரோட்டில் ஒரு பைக் வந்தது. முன்னால் சிவப்பு எழுத்தில் 'பிரஸ்' என்று ஸ்டிக்கர். கை காட்டினான், நின்றது, ஏறினான். ஓட்டியவரின் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்ததைக் கொட்டினான்: "சார், எங்க மேட்டுக்கொல்லைக்கு பஸ் நின்னுபோச்சி. தங்கச்சி படிப்பும் நிக்கப்போவுது, அப்பா மாப்பிள்ளை பாக்கறாரு. நீங்கதான் பத்திரிகையில போட்டு ஒரு வழி பண்ணணும்."

பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. "பண்ணிடலாம்பா!" என்றார் அவர்.

திண்டிவனத்தில் வண்டி நின்ற இடத்தில், 'தாண்டவராயன் அச்சகம், கல்யாணப் பத்திரிகைகள் உடனுக்குடன்' என்று பலகை தொங்கியது.

"சார், வண்டியில பிரஸ்னு போட்டிருந்துச்சே..."

"இதுவும் பிரஸ்தானேப்பா? போலீஸ்காரரு கேட்டப்பவும் இதையேதான் சொன்னேன்" என்றார் தாண்டவராயன். நல்ல மனிதர். நம்மிடம் விசிட்டிங் கார்டு அடிக்கிற நிருபர் ஒருவர் இருக்கிறார், பஸ் விஷயத்தை அவரிடம் சொல்கிறேன் என்றார். நான் தேடியது உங்களை இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் பிரவீன்குமார் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

சொன்னபடியே செய்தி வந்தது. 'மேட்டுக் கொள்ளையால் பஸ் நிறுத்தம்.' கொல்லை ஹெல்மெட்டுக்குள் நுழைந்து கொள்ளையாக வெளியே வந்திருந்தது. பஸ் வரவில்லை. கொள்ளை போனது என்ன என்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர்தான் வந்தார். "செய்தி வந்துச்சா இல்லியா? வந்துச்சி. பாஸ்" என்று ஜெகதீசன் முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாண்டவராயனே வீட்டுக்கு வந்தார். கூடவே கெடாரிலிருந்து ஒரு குடும்பம். "ஒங்க பையன் வண்டியில வரும்போது எப்புடிக் கேட்டுச்சுன்றீங்க! தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கறோம், நீங்கதான் பத்திரிகை போட்டு ஒரு வழி பண்ணணும்னு. மனசு கேக்கல. நல்ல எடம், கையோட கூட்டிக்கினு வந்துட்டேன்" என்றார்.

தேவநாதன் மகனைப் பெருமையாகப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரவீன்குமார் வாயைத் திறந்தான். கையில் காபித் தட்டைக் கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டு பரிமாறினான்.

எல்லாம் ஜல்தியாக நடந்தது. ஆவணியில் கல்யாணம் என்றார்கள். பிழை திருத்துவதற்காகக் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வீட்டுக்கு வந்தது. மணமகளின் அண்ணன் என்ற இடத்தில் பிரவீன்குமார் பெயர். அவன் பெயர் பத்திரிகையில் வந்துவிட்டது.

ஆர்த்தி வாங்கிப் பார்த்தாள். "எம் பேரு பக்கத்துல பி.எஸ்சி.ன்னு போட்டிருக்கு. அத முடிக்க வுட்டீங்களா?" என்றாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். "வண்டி வண்டியா ஏறி ஊரான்கிட்ட எல்லாம் பேசினியே. இந்த வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை பேசினியாண்ணா?"

அவனுக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

கொல்லையில் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். அங்கே போய் நின்றான். மனப்பாடம் எதுவும் இல்லை. திக்கித் திணறினான். "அது படிக்கட்டும்பா. எனக்கு இதுல இஷ்டமில்ல" என்று எப்படியோ சொல்லி முடித்தான்.

தேவநாதன் செடியைக் கீழே போட்டார். "அடப் பேஜாரு புடிச்சவனே! நீ கொண்டாந்த எடம்னுதானே நானே சரின்னேன்? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "நான் போயி அவங்க மூஞ்சில முழிக்க முடியாது. நீயே போய்ச் சொல்லு" என்றார்.

ரோட்டுக்கு வந்தான். அவன் நேரம், அதே 'பிரஸ்' வண்டிதான் வந்தது. திருத்திய மாதிரியை வாங்க வந்தாராம். ஏறிக்கொண்டான். காற்று காதில் அடித்தது. ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு போனவன், நிறுத்தி, அவர் தோளைத் தட்டினான்.

"அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்துங்க. ஹெல்மெட்டக் கழட்டுங்க."

முகத்தைப் பார்த்துச் சொன்னான். முப்பது செகண்டைத் தாண்டி நெடுநேரம் ஆனது. தாண்டவராயன் முழுதாகக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட்டை எல்லாம் வாங்கி வெச்சிட்டேனேப்பா" என்று புலம்பினார். அப்புறம், "சரி, ஏறு. கெடாருக்கு ரெண்டு பேருமாப் போயி வாங்கிக் கட்டிக்கலாம்" என்றார். போனார்கள். நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஆர்த்தி இப்போது மூன்றாம் ஆண்டு. பஸ் இன்னும் வரவில்லை. தேவநாதன்தான் தன் டிவிஎஸ்ஸில் ஒலக்கூர் வரை கொண்டுபோய் விடுகிறார், கூட்டி வருகிறார். அந்த வண்டி முதலிலிருந்தே வீட்டில்தான் இருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை.

பிரவீன்குமாரை எங்கேயாவது பார்த்தால் விசிட்டிங் கார்டு கொடுப்பான். வாங்கிக்கொள்ளுங்கள். தாண்டவராயன் கல்யாண அட்டையை வெட்டி அடித்துக் கொடுத்தது. மஞ்சள் நிறம், ஓரத்தில் பாதிப் பிள்ளையார் இருப்பார்.