அம்மாவிடம் எடுத்த சாட்சியம்

குற்றவியல் படிக்கிறேன் என்று சொன்னால், தேவாரத்தில் பலரும் "அப்ப எஸ்.ஐ. ஆகிருவயா?" என்றுதான் கேட்பார்கள். அப்பா மட்டும் எதுவும் கேட்டதில்லை. தேனிக்குப் போகும் காலைப் பேருந்தில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்.

இரண்டாம் ஆண்டில் சாட்சிகளை விசாரிப்பது பற்றிய பாடம் வந்தது. அதை நடத்திய மேடம் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்.

"தெரிஞ்சவங்க யாராவது கண்ணால பார்த்த ஒரு சம்பவத்தைக் கேட்டு எழுதிட்டு வாங்க. நீங்களா வார்த்தை எடுத்துக் குடுக்காதீங்க. என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. அப்புறம் பேசாம உக்காருங்க."

எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, ஏலக்காய்த் தோட்டத்து வேலையாட்களை ஏற்றி வந்த ஜீப் மலைச்சாலையில் கவிழ்ந்தது. டிரைவர் அங்கேயே இறந்துபோனார். அதில் வந்த அம்மா இடுப்பெலும்பு முறிந்து வெகுநாள் படுக்கையில் கிடந்தாள். டிரைவர் குடித்திருந்தார் என்பதுதான் ஊர் அறிந்த கதை. அம்மா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

"இப்ப எதுக்குடி அது?"

"காலேஜுல எழுதிட்டு வரச் சொல்லியிருக்காக."

அன்று பெய்த மழையில் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள்.

"எறக்கத்துல பிரேக் பிடிக்கலைன்னு அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்கங்கன்னு கத்துனாரு. ஒரு பக்கம் பள்ளம். அவரு மலைப்பக்கமா ஒடிச்சு, தான் உக்காந்திருந்த பக்கத்தயே பாறையில மோதவிட்டாரு. அப்படியே வண்டி சாஞ்சிருச்சு. இல்லைன்னா நாங்க அத்தன பேரும் போயிருப்போம்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "குடிச்சிருந்தாருன்னு சொல்றாகளே?"

"அவரு பக்கத்துலதான உக்காந்து வந்தேன்? ஒரு வாடையும் இல்ல."

"அப்ப ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாக? நான் எந்திரிச்சு நடக்கயில எல்லாம் பேசி முடிச்சுட்டாக. கேசு கோர்ட்டுன்னு இழுத்துவிட்ராதன்னு சொந்தக்காரக வேற பயமுறுத்துனாக."

நறுக்கிய காயை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தத் தம்பி பொண்டாட்டி கோம்பையிலதான இருக்கு? ஞாயித்துக்கெழம போயிட்டு வருவமா?" என்றாள்.

போனோம். டிரைவரின் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தார். அம்மா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தையல் மிஷின் நின்றது.

"குடிகாரன் பொண்டாட்டின்னு என் காதுபடப் பேசியிருக்காக அக்கா. பொண்ணு பாக்க வந்தவுகளும் அதத்தான் விசாரிச்சாக. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்திருச்சு."

அவர் அழவில்லை. உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டார். "இங்கன வா தாயி. இந்தப் பெரியம்மா ஒங்கப்பாவப் பத்திச் சொல்றதக் கேளு."

அம்மா முதலிலிருந்து மறுபடி சொன்னாள். கம்பியைப் பிடிக்கச் சொல்லி டிரைவர் கத்திய இடம் வந்தபோது அந்தப் பெண் தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட வைத்துத்தான் எங்களை அனுப்பினார்கள். திரும்பும் பேருந்தில் அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவ்வளவு பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் எழுதிக் கொடுத்ததில், குடியைப் பற்றிய கேள்வியை மேடம் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். 'இது நீங்கள் எடுத்துக் கொடுத்தது' என்ற குறிப்பு வேறு. அடியில், 'அம்மாவுக்கு என் வணக்கம்' என்று எழுதியிருந்தார். வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நான் எஸ்.ஐ. ஆகவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் மையம் ஒன்றில் தேனியில் வேலை செய்கிறேன். சிலர் என் முன்னால் வந்து உட்கார்ந்தும் வெகுநேரம் வாய் திறக்க மாட்டார்கள். அவசரப்படாமல் காத்திருக்க முடிகிறது என்றால், அதற்கு மேடத்துக்கும் அம்மாவுக்கும்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கோம்பை வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பந்தலில் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம், "எங்க வீட்டுக்காரருகூட கடைசியா ஜீப்புல வந்த அக்கா" என்று அறிமுகப்படுத்தினார் பெண்ணின் அம்மா.