மந்தைக்கு மூன்றாவது பொருள்

அகராதி அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சீட்டக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடங்களாக அவர் பார்த்த வேலை அப்படி. செய்தித்தாளிலும் புத்தகங்களிலும் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறதோ, அந்த வாக்கியங்களைக் கையகலச் சீட்டுகளில் எழுதி, அகரவரிசைப்படி மரப்பெட்டிகளில் அடுக்குவார். பொருள் எழுதுவது ஆசிரியரின் வேலை. சீட்டக்கா அதில் வாய் திறந்ததே கிடையாது.

அந்த வருடம் 'ம' பெட்டி மேசைக்கு வந்தது. மந்தை என்ற சொல்லுக்கு அறுபத்தொரு சீட்டுகள். ஆசிரியர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு இரண்டு பொருள் எழுதினார். ஒன்று, ஆடு மாடுகளின் கூட்டம். இரண்டு, இழிவாக, சுயமாக யோசிக்காமல் பின்னால் போகும் மக்கள். சீட்டுகளில் முக்கால்வாசி இரண்டாவதற்குத்தான் இருந்தன. தலையங்கம் எழுதுகிறவர்கள் ஆட்டைப் பார்த்துவிட்டா எழுதுகிறார்கள்?

"ஆட்டுக்கு உருப்படியா ஒரு வாக்கியம் இல்லையேம்மா," என்றார் ஆசிரியர். "இருக்கிறதெல்லாம் சவசவன்னு இருக்கு."

"என் நாத்தனார் ஆடு வச்சிருக்கா ஐயா. ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டுட்டு வரேன்."

நாத்தனாரின் வீடு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். கணவர், மூன்று பெண்கள், நூற்றுச் சொச்சம் ஆடுகள். சீட்டக்கா கைப்பையில் வெற்றுச் சீட்டுகளோடு போய் இறங்கியதைப் பார்த்து நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எழுதுறதுக்கு இதுல என்ன இருக்கு அண்ணி? அது மேயுது, நான் பின்னாலயே போறேன்."

ஆனால் கூடவே நடந்தால் எழுத நிறைய இருந்தது. 'மந்தை தண்ணிக்குத் திரும்பிருச்சு.' 'வெயிலுக்கு மந்தை மரத்தடியில ஒண்டுது.' தன்போக்கில் நாத்தனார் சொல்லச் சொல்ல, சீட்டக்கா நின்று நின்று எழுதினார். மத்தியானத்துக்குள் பதினான்கு சீட்டு தேறியது.

சாயங்காலம் திரும்பும்போது, சாலையைக் கடக்கும் நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். மந்தை இரண்டாகப் பிளந்தது. பாதி, பக்கத்துக் குடியிருப்புத் தெருவுக்குள் பாய்ந்தது.

"அண்ணி, அந்தச் சந்து முனையில கையை விரிச்சு நில்லுங்க! எது வந்தாலும் நகராதீங்க!"

சீட்டக்கா நின்றார். ஒரு கிடா நேராக அவரைப் பார்த்தே வந்தது. அலுவலகத்தில் அடுத்த மேசைக்குக்கூடக் கேட்காத குரல் அவருடையது. "ஏய், நில்லு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல்கள் திறந்தன. கிடா நின்றது. நின்றதோடு, திறந்திருந்த கைப்பையில் மூக்கை விட்டு இரண்டு சீட்டுகளைத் தின்றும் விட்டது. அதற்குள் நாத்தனார் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து எல்லாவற்றையும் திருப்பிவிட்டாள்.

வீடு வந்து, ஆடுகளைப் பட்டியில் அடைத்துப் படலைச் சாத்தினார்கள். பெரியவள் தையல் வகுப்பிலிருந்து வந்தாள். சின்னவர்கள் இருவரும் அடித்துக்கொண்டே உள்ளே போனார்கள். கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நுழைந்தார். நாத்தனார் கதவைப் பிடித்தபடி நின்று, கடைசியாகக் கால் கழுவிக்கொண்டிருந்த சீட்டக்காவைப் பார்த்தாள்.

"வாங்க அண்ணி. மந்தை பூரா வந்து சேந்தாச்சு, கதவைச் சாத்தணும்."

சீட்டக்கா ஈரக்காலோடு அப்படியே நின்றார். "இப்ப என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"மந்தைன்னியே. ஆடுங்களைத்தான் அப்பவே அடைச்சாச்சே."

"ஆட்டையா சொன்னேன்? நம்மளைச் சொன்னேன்."

"திட்டினியா?"

"திட்டுறவ எதுக்குக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கப்போறேன்?"

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அதையும் ஒரு சீட்டில் எழுதினார் சீட்டக்கா. எழுதும்போது காரணமில்லாமல் ஒரு சந்தோஷம்.

மறுநாள் ஆசிரியர் சீட்டை இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் வீட்டுப் பேச்சை வச்சுப் பொருள் எழுத முடியாதும்மா. மூணு பேர் வாயிலயாவது வரணும்."

"அப்படின்னா மூணாவது பொருளுக்கு இடம் விட்டு வைங்க ஐயா. நான் கொண்டு வரேன்."

ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு ஒரு வரி இடம் விட்டார்.

அன்றிலிருந்து சீட்டக்காவின் காது சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில், காய்கறிக் கடையில், மருத்துவமனை வரிசையில், எங்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு மாதம் கழித்துப் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் டீக்கடையில் சொன்னார்: "இருப்பா, என் மந்தையை எறக்கிவிட்டுட்டு வந்துடறேன்." சீட்டக்கா பாதி டீயை வைத்துவிட்டு ஓடிப்போய் வேன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டார். புகார் கொடுக்கத்தான் குறிக்கிறார் என்று ஓட்டுநர் பயந்துவிட்டார்.

மூன்றாவது வர வெகுநாள் ஆனது. 'ம' வரையிலான தொகுதி அச்சுக்குப் போகும் வாரம், எல்லோருமாக ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியரே சொன்னார். மாடிப்படியில் பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"என்னப்பா, நம்ம மந்தை முழுசா வந்தாச்சா?"

சீட்டக்கா வரிசையிலிருந்து இறங்கி, இடுப்பில் செருகியிருந்த சீட்டையும் பேனாவையும் எடுத்தார். ஆசிரியருக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது.

"நான் சொன்னதெல்லாம் கணக்குல வராதும்மா!"

"பேச்சுன்னா பேச்சுதான் ஐயா. யார் பேசினா என்ன?"

படியே அதிரும்படி சிரித்தார்கள். புகைப்படத்தில் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருக்க, சீட்டக்கா மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது பொருள் அச்சில் வந்தது: 'பேச்சு வழக்கில், அன்பாக, தன்னைச் சேர்ந்தவர்கள்.' சீட்டக்கா நாத்தனாருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார்.

"இதுக்கா அண்ணி இவ்வளவு நாளாச்சு? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

"நீ சொல்லித்தான்டி ஆரம்பிச்சதே!"

"சரி சரி. வர்ற ஞாயித்துக்கிழமை வர்றீங்கல்ல?"

"வரேன். அடுத்த தொகுதிக்கு 'மே' வரிசையில மேய்ச்சல்னு ஒரு சொல் இருக்கு. அதுக்குச் சீட்டு ரொம்பக் குறைச்சல்."